இடது கைக்குக் காவல்

ஜூன் 9, திங்கள்

"அந்தக் கையப் பத்திரமாப் பாத்துக்கோங்க" என்று டாக்டர் ஷமீமா இன்றும் சொன்னார். யாரிடம் சொல்கிறார்! அரசு பஸ்ஸில் கண்டக்டராக ஏறி, செக்கிங் இன்ஸ்பெக்டராக இறங்கினவன் நான். டிக்கெட் எடுக்காதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஜன்னலுக்கு வெளியே இயற்கையை ரசித்துக்கொண்டு வருகிறவன்தான் அவன். யோக்கியன் எவனும் வள்ளியூர் பொட்டலில் இயற்கையை ரசிப்பதில்லை.

இந்த டைரியும் அந்தப் பழக்கத்தில்தான். கண்டதை அன்றைக்கே எழுதி வைத்துவிட வேண்டும். மறுநாள் எல்லோரும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். என் மனைவி உலகம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. திங்களும் வியாழனும் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இப்போதைக்குக் கழுத்து வழியாக ஒரு குழாய் இறக்கியிருக்கிறார்கள். அதன் இரண்டு வால்களும் நெஞ்சில் தொங்குகின்றன, ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்கு நீல மூடி. சிவப்பில் ரத்தம் வெளியே போய் மெஷினில் சுத்தமாகி நீலத்தில் உள்ளே வரும். ஆனால் கழுத்துக் குழாயை ரொம்ப நாள் நம்ப முடியாதாம். அதன் வழியாகக் கிருமி நேரே இதயத்துக்கே போய்விடும் என்கிறார் டாக்டர். அதற்காகத்தான் போன வெள்ளிக்கிழமை இடது முழங்கை மடிப்பில் ஃபிஸ்டுலா ஆபரேஷன். தமனியைக் கொண்டுபோய்ச் சிரையில் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். நாலுவழிச் சாலை வண்டியை எல்லாம் கிராமத்து ரோட்டில் திருப்பி விடுவது மாதிரி. போகப் போக ரோடு அகலமாகிவிடும். அப்புறம் அதில் ஊசி போட்டே டயாலிசிஸ் செய்யலாம், கழுத்துக் குழாயை எடுத்துவிடலாம்.

அதுவரைக்கும் அந்தக் கையில் ஊசி கூடாது, பிபி பார்க்கக் கூடாது, எடை தூக்கக் கூடாது, அதன் மேல் படுக்கக் கூடாது. வளையல், வாட்ச் எதுவும் இறுக்கமாகப் போடக் கூடாது. தினமும் காலையில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே விர்ரென்று ஓடினால் கை உயிரோடு இருக்கிறது. அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

வளையலைக் கழற்றினதில் இருந்து உலகம்மாள் இடது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்கிறாள். "மொட்டக் கையா இருக்கு, நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாவ?" என்கிறாள்.

காலையில் தொட்டேன். விர்ரென்று ஓடுகிறது.

ஜூன் 12, வியாழன்

டயாலிசிஸ் பார்க்கிற டெக்னீசியன் பெயர் கிங்ஸ்லி. எப்போதும் சிரித்த முகம். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. ரத்தத்தை வடிகட்டுகிற குழலை வேறொரு அறைக்குக் கொண்டுபோய்க் கழுவி எடுத்து வருகிறான். மேலே 'உலகம்மாள்' என்று ஒட்டியிருக்கிறது. ஒட்டினது யார்? அவன்தான்.

"தம்பி, இது எங்க வீட்டம்மாவுக்குப் போட்டதுதானா?"

"பேரு இருக்கு பாருங்க அய்யா."

"பேரு யாரு வேணும்னாலும் எழுதலாம்லா?"

சிரித்தான். குற்றம் செய்யாதவனுக்கு அந்த இடத்தில் கோபம் வந்திருக்க வேண்டும். கிளம்பும்போது அவன் பார்க்காத நேரம் குழலின் அடியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

புள்ளி இருந்தது. அழிந்ததைப் பார்த்துவிட்டு அவனே திரும்ப வைத்திருக்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். மருமகள் சுகந்தியும் பேத்தியும் எங்களோடு. பாப்பாவுக்கு உலகம்மாள் இடது கையில் தலை வைத்தால்தான் தூக்கம் வரும். ஆபரேஷனுக்கு முன்னால் இருந்து வந்த பழக்கம்.

இன்று மத்தியானம் பார்க்கிறேன், அதே கையில் பாப்பா வாயைத் திறந்து தூங்குகிறது. சுகந்தி அடுக்களையில் தேங்காய் திருவிக்கொண்டே போன் பேசுகிறாள். பிள்ளையைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன். வீல் என்று கத்தியது.

"இனிமே புள்ளய இவ பக்கத்துல படுக்கவைக்கப்பிடாது" என்றேன்.

"நாந்தான் படுக்க வச்சேன். கை மேல இல்ல, தலாணி மேல" என்றாள் உலகம்மாள்.

தலையணை எங்கே இருந்தது, தலை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாதா? சுகந்தி ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒன்றும் சொல்லாமல் போகிறவர்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

துடிப்பு இருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

அடுத்த கட்டிலில் சேரன்மகாதேவிக்காரர் ஒருவர். அவருக்கு ஃபிஸ்டுலா போட்டு நின்றுபோய்விட்டது, மறுபடியும் கழுத்துக் குழாய். அவர் பெண்சாதி இன்று எழுந்து வந்து உலகம்மாள் கையைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால் சும்மா இல்லை, முழுங்கிவிடுகிற மாதிரி.

"ஒங்களுக்கு எவ்வளவு சீக்கிரம் நரம்பு தடிச்சு வந்துட்டு! எங்க வீட்டாளுக்கு வரவே இல்லையே" என்று பெருமூச்சு விட்டாள்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அந்தப் பெருமூச்சு வீடு வரைக்கும் கூடவே வந்தது.

ஜூன் 24, செவ்வாய்

சுடலைமாடன் கோயிலுக்குப் போய் ஒரு கறுப்புக் கயிறு மந்திரித்து வாங்கி வந்தேன். ஆம்பளைக்கு வலது, பொம்பளைக்கு இடது என்று பூசாரி சொன்னார். அது எனக்கே தெரியும்.

மணிக்கட்டில் கட்டினால் கிங்ஸ்லி கண்ணில் படும், சுகந்தி கண்ணில் படும். ஆளுக்கு ஒரு கேள்வி கேட்பார்கள். அதனால் புஜத்தில், ஜாக்கெட் கைக்கு உள்ளே வருகிற மாதிரிக் கட்டினேன். வெறும் முடிச்சு என்றால் நழுவி முழங்கைக்கு வந்துவிடும். பஸ் மேலே மூட்டை கட்டுகிற முடிச்சு போட்டேன். திருநெல்வேலியில் கட்டினால் கன்னியாகுமரி வரைக்கும் அசையாது.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கோ?" என்றாள்.

"புதுக் கயிறு அப்படித்தான் இருக்கும். ரெண்டு தடவ குளிச்சா இளகிரும்."

டாக்டர் சொன்னது வளையலையும் வாட்சையும். சாமி கயிறு அந்தக் கணக்கில் வராது.

ஜூன் 26, வியாழன்

இன்று கையும் களவுமாகப் பிடித்தேன். நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒன்று பயிற்சிக்கு வந்திருக்கிறது. அபிஷா என்று பெயர் குத்தியிருந்தது. நான் டீ குடித்துவிட்டு உள்ளே நுழைகிறேன், உலகம்மாளின் இடது கையில், சேலைக்கு மேலேயே, பிபி பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது!

"ஏய்!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் பதறிப் பட்டையைக் கழற்றிவிட்டது.

"காத்து அடிக்கலைய்யா. சும்மா சுத்தத்தான் செஞ்சேன். மன்னிச்சிருங்க" என்று கண் கலங்கி நின்றது. கிங்ஸ்லி ஓடிவந்து கையைத் தொட்டுப் பார்த்து, "ஒண்ணும் ஆகல அய்யா, நல்லா ஓடுது" என்றான். ஒருத்திக்கு ஒருத்தன் சாட்சி. செக்கிங்கில் இதெல்லாம் எத்தனை பார்த்திருக்கிறேன்.

ஜூன் 28, சனி

இடது புறங்கை கொஞ்சம் உப்பியிருக்கிறது. வியாழக்கிழமை அந்தப் பெண் செய்த வேலைதான். காற்று அடிக்கவில்லையாம்!

"இந்தக் கயித்த அவுத்துரட்டுமா? உறுத்துது" என்றாள் உலகம்மாள்.

"மூணு வாரம் கழட்டப்பிடாதுன்னு பூசாரி சொல்லிருக்காரு."

பூசாரி அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை அவிழ்த்தால் திரும்பக் கட்ட விடமாட்டாள்.

ரப்பர் பந்தை அமுக்கும் பயிற்சியைச் செய்ய வைத்தேன். ரேஷனில் பாமாயில் இல்லை என்றார்கள். பின்பக்கம் அடுக்கி வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ஜூன் 30, திங்கள்

கிங்ஸ்லி கையைத் தடவிப் பார்த்தான். இன்றைக்குச் சிரிப்பு இல்லை. "வீக்கமா இருக்கே அம்மா, கீழ டாக்டரப் பாத்துட்டுப் போயிருங்க" என்றான். டாக்டரைப் பார்த்தால் ஸ்கேன், ஸ்கேன் என்றால் இன்னொரு கவுண்டர். இந்தத் தடம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். தப்பு செய்தது அவர்கள், அதைக் கண்டுபிடிக்க அலைய வேண்டியது நாமா? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கூட்டி வந்துவிட்டேன்.

துடிப்பு இருக்கிறது. கொஞ்சம் ஆழத்தில் இருப்பது போல இருந்தது. என் விரல் மரத்திருக்கும்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் தொட்டேன். ஒன்றும் இல்லை. இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். காதை வைத்துப் பார்த்தேன். சுவரில் காதை வைத்த மாதிரி இருந்தது. ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுக் கத்துகிறேன், உள்ளே இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு சேலை மாற்றுகிறார்கள். "கத்திரிக்கோல் எங்க இருக்கு? தையல் மிஷின்ல பாரு" என்று உலகம்மாள் குரல். உயிர் போகிற அவசரத்தில் கத்திரிக்கோல் எதற்கு? வெளியே வந்தபோது சுகந்தியின் முகம் வெளுத்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

டாக்டர் ஷமீமா ஸ்கேன் கருவியை வைத்து அழுத்திப் பார்த்தார். திரையில் ஓட்டமே இல்லை.

"கையில எதுவும் இறுக்கமாக் கட்டியிருந்தீங்களா? அது மேல படுத்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உலகம்மாள் முந்திக்கொண்டாள். "தூக்கத்துல கை மேல படுத்துட்டேன் டாக்டர்."

"மேல ஒரு தடம் இருக்கே?"

"ஜாக்கெட் கை இறுக்கம்."

சுகந்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உலகம்மாள் வலப்பக்கம்தான் படுப்பாள். பக்கத்தில் கிடக்கிற எனக்குத் தெரியாதா? அவள் பொய் சொல்கிறாள். கல்யாணமான நாளில் இருந்து அவள் எனக்கு எதிரில் வெளி ஆளிடம் சொன்ன முதல் பொய் இது. யாரைக் காப்பாற்றுவதற்காக?

ஜூலை 2, புதன்

மருந்து ஏற்றிப் பார்த்தார்கள், பலூன் விட்டுப் பார்த்தார்கள். அடைத்தது திறக்கவில்லை. "இந்தக் கை முடிஞ்சிட்டு. இனி வலது கைதான் இருக்கு. அதுவும் போச்சுன்னா குழாய் போட எடம் தேடணும்" என்றார் டாக்டர்.

அபிஷா மேல் ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் புகார் கொடுத்தேன். அப்படியே டெய்லர் கடைக்கும் போனேன்.

"அளவு ஜாக்கெட் வச்சுத்தானய்யா தைக்கோம்" என்றான் டெய்லர்.

"அப்ப கையில தடம் எப்படிலே வந்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? வேணும்னா லூசாக்கித் தாரேன், கொண்டாங்க."

கொண்டு போகவில்லை. ஆதாரத்தை யாராவது அவன் கையிலேயே கொடுப்பார்களா?

ஜூலை 4, வெள்ளி

இன்று அடக்க முடியவில்லை. பாப்பா "ஆச்சி கை, ஆச்சி கை" என்று அழுதுகொண்டு கட்டிலில் ஏறப் பார்த்தது. சுகந்தியைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"ஒம் புள்ளயத் தூங்க வச்சுத் தூங்க வச்சே அவ கையக் கொன்னுட்ட. அவ போயிட்டா வீடு ஒனக்குன்னு கணக்குப் போடுதியா?"

வாயில் இருந்து வந்துவிட்டது. சுகந்தி பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். "சரி மாமா" என்று மட்டும் சொன்னாள். எதற்குச் சரி? இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

"அவள ஒண்ணும் சொல்லாதிய! சொன்னா நான் சோறு திங்க மாட்டேன்" என்று உலகம்மாள் கட்டிலில் இருந்து கத்தினாள். கத்தினால் கழுத்துக் குழாய் இழுக்கும், அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினாள்.

ஜூலை 7, திங்கள்

வார்டில் அபிஷாவைக் காணவில்லை. "கீழ கட்டு போடுத ரூமுக்கு மாத்திட்டாவ அய்யா. பயிற்சி சான்றிதழ் குடுக்கதா வேண்டாமான்னு யோசிக்காவளாம்" என்றான் கிங்ஸ்லி. அப்படித்தான் ஆக வேண்டும் என்று நினைத்தேன். இவனும் என்னைச் சரியாகப் பார்க்கவில்லை.

டயாலிசிஸ் ஓடும்போதே உலகம்மாளுக்குக் குளிர் கண்டது. கட்டில் ஆடியது. மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிட்டித்தது. கழுத்துக் குழாயில் கிருமி.

ஜூலை 8, செவ்வாய்

குழாயை உருவிவிட்டார்கள். தொடையில் வேறு குழாய். தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். ஃபிஸ்டுலா மட்டும் நிலைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாளில் கழுத்துக் குழாயே இருந்திருக்காது. அந்தப் பாவம் யாரை அடைகிறதோ, அவர்கள் நன்றாக இருக்கமாட்டார்கள்.

ஜூலை 9, புதன்

காய்ச்சல் இறங்கவில்லை. சுகந்தி சோறு கொண்டுவந்தாள். சாப்பிடவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆள் பாதியாகிவிட்டாள். தொடைக் குழாயோடு குனிய முடியாது, உட்கார முடியாது. சுகந்திதான் குளிப்பாட்டுகிறாள்.

நான் தண்ணீர் எடுக்கப் போனபோது அறைக்குள் குசுகுசு. "அவுகளுக்கு மட்டும் தெரியவே கூடாது பாத்துக்கோ. தாங்கமாட்டாவ" என்கிறாள் உலகம்மாள். "நான் எங்க அத்தை சொல்லப் போறேன்" என்கிறாள் சுகந்தி. நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. சுகந்தி துண்டை மடிக்கிறாள். ஏற்கெனவே மடித்த துண்டு.

எனக்குத் தெரியக் கூடாதது என்ன? டாக்டர் இவர்களிடம் நாள் எதுவும் குறித்துச் சொல்லிவிட்டாரா? இல்லை, டயாலிசிஸே வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு எடுத்துவிட்டார்களா? நெருப்பில்லாமல் புகையாது. கண்டுபிடித்துவிடுவேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. சுகந்திக்கு வீட்டு விலக்கு, உலகம்மாளுக்குக் குனிய முடியாது. நானே விளக்கேற்றுகிறேன் என்றேன். சூடம் எங்கே என்று கேட்காமல் பூஜை அலமாரியில் இருந்த தகர டப்பாவைத் திறந்தேன்.

மேலே சூடம், ஊதுபத்தி. அடியில் வெற்றிலையில் சுற்றி ஒன்று இருந்தது. கறுப்புக் கயிறு. சாமி கயிற்றைக் குப்பையில் போடக் கூடாது, ஆற்றில்தான் விட வேண்டும். அதற்காக எடுத்து வைத்திருக்கிறாள்.

முடிச்சு அப்படியே இருந்தது. என் முடிச்சு. அதை அவிழ்க்க இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் கத்திரிக்கோலால் வெட்டியிருக்கிறது. வெட்டின இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். அந்த வளையம் என் முழங்கைக்குக்கூட ஏறாது.

மழையில் நனைந்தால் மூட்டைக் கயிறு சுருங்கும். அருமனையில் இருந்து வருகிற பலாப்பழ மூட்டையைக் கயிற்றை அறுத்துத்தான் இறக்குவோம். சாக்கில் கயிறு அழுந்தின தடம் அப்படியே இருக்கும். கண்டக்டராக இருந்த காலம் பூராவும் பார்த்தது. ரெண்டு தடவை குளித்தால் இளகிவிடும் என்று நான்தான் அவளிடம் சொன்னேன்.

"என்னங்க, சூடம் கெடச்சுட்டா?" என்று உள்ளே இருந்து கேட்டாள்.

"கெடச்சுட்டு" என்றேன்.

விளக்கேற்றினேன். திரி மூன்று தடவை அணைந்தது. காற்று எதுவும் இல்லை.

ஜூலை 19, சனி

நான் தினமும் சந்தேகப்படுகிற பால்காரர் தண்ணீர் கலக்கவில்லை. நல்ல பால்தான். இத்தனை நாளும் நல்ல பால்தான் ஊற்றியிருப்பார்.

ஜூலை 20, ஞாயிறு

வீட்டில் இரண்டு பேரும் என்னை வழக்கம் போலவே பார்க்கிறார்கள். சுகந்தி காபி கொடுத்தாள், சீனி போதுமா மாமா என்று கேட்டாள். போதும் என்றேன். சீனியே போடாமல் கொடுத்திருந்தாலும் போதும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஜூலை 21, திங்கள்

உலகம்மாளை மெஷினில் போட்டதும் கீழே டாக்டர் ஷமீமா அறைக்குப் போனேன். சட்டைப் பையில் இருந்து கயிற்றை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"என்னது இது?"

"அன்னைக்குக் கையில ஒரு தடம் கேட்டீங்கல்லா. அது ஜாக்கெட் இல்ல. இதான். நான் கட்டினது."

டாக்டர் கயிற்றைக் கையில் எடுத்து முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை.

"அம்மா ஏன் சொல்லல?"

"என்னக் காப்பாத்தத்தான் டாக்டர். அந்த நாகர்கோவில் பொண்ணு பேர்ல தப்பு இல்ல. நான் குடுத்த புகாரத் திருப்பிக் குடுங்க."

"புகார எழுதிக் குடுத்து வாங்கிக்கலாம். அந்தப் பொண்ணுக்கு நீங்கதான் சொல்லணும்."

கட்டுப் போடும் அறையில் அபிஷா பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து சுவர் ஓரமாகப் போய் நின்றது. இந்த வயதில் என்னைக் கண்டு ஒரு பெண்பிள்ளை பயந்து நிற்பதைப் பார்க்க வேண்டியிருந்தது.

"தாயி, நீ காத்து அடிக்கல. அன்னைக்கே நீ சொன்னது நெசம். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"கையில இப்ப துடிப்பு வந்துட்டாய்யா?" என்று கேட்டது.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அந்தப் பெண் அழுதது, தனக்காக இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. வாசலில் நின்ற நோயாளி ஒருவர் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினார்.

ஜூலை 25, வெள்ளி

வலது கையில் ஆபரேஷன். தியேட்டர் வாசலில் நானும் சுகந்தியும். பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள்.

நான்தான் கேட்டேன். "அன்னைக்குக் கத்திரிக்கோல் தேடுனியளே. கெடச்சுதா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். நான் எதைக் கேட்கிறேன் என்று அவளுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை.

"கெடச்சுது மாமா."

"நான் ஒன்ன என்னென்ன பேசினேன். அப்பவாவது எம் மூஞ்சியில அந்தக் கயித்த எறிஞ்சிருக்கலாம்லா?"

"அத்தை சத்தியம் வாங்கிட்டாவ. அழுகையா வந்துச்சு மாமா. எங்க அம்மா வீட்டுக்குப் போயிரலாம்னு பையக்கூட எடுத்து வச்சேன்" என்றாள்.

"ஏன் போகல?"

"தெரிஞ்சுட்டுன்னா நீங்க எந்தக் கையயும் திரும்பத் தொடவே மாட்டியன்னு அத்தை சொன்னாவ. வலது கையில போட்டாலும் தெனமும் யாராவது பாக்கணும்லா. நான் தொட்டா எனக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. ஒங்க விரலுக்குத்தான் தெரியுது."

கேன்டீனுக்குப் போய் அவளுக்கு டீயும் வடையும் வாங்கி வந்தேன். இதுவரைக்கும் அவளுக்கு நான் எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை. சாப்பிட்டாள்.

டாக்டர் வெளியே வந்து நன்றாக ஓடுகிறது என்றார். என்ன நடந்தது, எப்படித் தைத்தீர்கள் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

கட்டு மாற்றினார்கள். கிங்ஸ்லி தொட்டுப் பார்த்து நல்லா இருக்கு அய்யா என்றான். சந்தோஷம் தம்பி என்றேன். ஆள் திகைத்துப் போய்விட்டான்.

நான் இன்னும் தொடவில்லை. என் கை அழுக்காக இருந்தது.

ஜூலை 31, வியாழன்

தொடவில்லை. நகம் வெட்டவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. காலையில் தாமிரபரணிக்குப் போய் அந்தக் கயிற்றை ஆற்றில் விட்டேன். படித்துறையில் ஒரு அம்மா கை நிறைய மஞ்சள் கயிறு வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கட்டிக்கொண்டிருந்தார். "வீட்டுக்காரம்மாவுக்கு ஒண்ணு கொண்டு போங்க அய்யா" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கொக்கிரகுளம் வரைக்கும் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் உலகம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். இடது கையில் பழைய வளையல்கள் ஏறியிருந்தன. அந்தக் கையில் தலை வைத்துப் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சுகந்தி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கப் போனாள்.

"கெடக்கட்டும்" என்றேன்.

"இந்தக் கை இனிமே சும்மாதான இருக்கு" என்றாள் உலகம்மாள். "வளையலும் போட்டாச்சு. பாருங்க, இப்ப மொட்டக் கை அந்தக் கை."

கட்டுப் போட்ட வலது கையை என் பக்கம் நீட்டினாள். "ஆபரேஷன் பண்ணி இத்தன நாளாச்சு, நீங்க ஒருதடவகூடத் தொட்டுப் பாக்கல."

"கை கழுவல."

"போய்க் கழுவிட்டு வாங்க."

சோப்புப் போட்டுக் கழுவினேன். துடைத்தேன். மறுபடியும் ஒருமுறை கழுவினேன். திரும்பி வந்தபோதும் அவள் கை அப்படியே நீட்டினபடி இருந்தது.

"கயிறு ஒண்ணும் கொண்டு வரலைல்லா?" என்றாள். சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

"கைய மட்டுமில்ல, ஒன்னயும் கொல்லப் பாத்தேனே உலகு" என்றேன். அவளை அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகிறது.

"கழுத்துக் குழாய் கெட்டதுக்கும் நீங்கதான் காரணமா? உலகத்துல எல்லாத்துக்கும் நீங்கதான் காரணமா? கைய வைங்க."

கட்டுக்கு மேலே தோலில் இரண்டு விரலை வைத்தேன். மெல்ல வைத்தேன், அழுத்தவில்லை. உள்ளே விர்ரென்று ஓடியது. விரலில் ஏறி என் முழங்கை வரைக்கும் வந்த மாதிரி இருந்தது.

"ஓடுதா?"

"ஓடுது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நெசமாத்தானா?"

"நம்பு" என்றேன்.

"நம்பாமலா இந்தக் கையயும் நீட்டுதேன்?" என்றாள்.